பனியன் கம்பெனிக்கு வாக்கி-டாக்கி வாங்கும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் மூன்று மாடிக் கட்டடம். கீழே நிட்டிங், மேலே கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு குடோன். வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன், மெக்கானிக், லைன் சூப்பர்வைசர்கள் என்று பன்னிரண்டு பேருக்கு செட் தேவை. ஆன்லைனில் ஜோடி மூவாயிரம் ரூபாய்க்கு '10 கி.மீ. ரேஞ்ச்' என்று ஒன்று கண்ணில் படுகிறது. கடைக்காரரோ டிஜிட்டல் செட்தான் வாங்க வேண்டும் என்கிறார். இரண்டில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு மாடல் பெயர் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: உங்கள் கட்டடத்துக்குள், மெஷின் ஓடும்போது, குரல் கேட்குமா? நாளைக்கு யாராவது வந்து 'இதற்கு லைசென்ஸ் எங்கே' என்று கேட்டால் காட்டப் பேப்பர் இருக்குமா? மில்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் ரேடியோ அமைத்துக் கொடுப்பதே பல வருடமாக என் தொழில். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. நம் நாட்டில் வாக்கி-டாக்கி என்பது மிக்ஸி, டிவி மாதிரி வாங்கி வந்து உடனே பயன்படுத்தும் பொருள் அல்ல. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தொடங்கி, ரேடியோ கருவியைக் கையில் வைத்திருப்பதற்கே அனுமதி வேண்டும் என்பதுதான் விதி. இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. 2018இல் வந்த விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் மட்டும் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அப்போதும் அந்த மாடலுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் 'இ.டி.ஏ.' என்ற கருவி அனுமதி இருக்க வேண்டும். இந்த வகையில் முறையாக விற்கப்படுபவை அரை வாட் கருவிகள். இவற்றைத் தவிர, நீங்கள் பார்க்கும் 5 வாட் வி.எச்.எஃப். (150 மெகாஹெர்ட்ஸ் பக்கம்), யு.எச்.எஃப். (450 பக்கம்) செட் எல்லாவற்றுக்கும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் அலைவரிசை ஒதுக்கீடும் லைசென்ஸும் வேண்டும்.

'எல்லாரும் வாங்குகிறார்களே, ஆன்லைனில் வெளிப்படையாக விற்கிறார்களே' என்று கேட்பீர்கள். விற்றார்கள் என்பது உண்மைதான். அதனால்தான் 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய விற்பனைத் தளங்களுக்கே நோட்டீஸ் அனுப்பியது. அலைவரிசை என்ன, லைசென்ஸ் வேண்டுமா என்று சொல்லாமலே வாக்கி-டாக்கிகளைப் பட்டியலிட்டு விற்றார்கள் என்பது புகார். அதன்பின் இதற்கென்றே தனி வழிகாட்டுதலும் வந்தது. விற்பவருக்கு வரும் சிக்கல் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தக் கருவியை வைத்திருப்பவரும் பதில் சொல்ல வேண்டியவர்தான். போலீஸ், தீயணைப்பு, ரயில்வே என்று பலரும் அக்கம்பக்க அலைவரிசைகளில் பேசுகிறார்கள். எந்த அலைவரிசைக்கும் திருப்பி வைக்கக்கூடிய மலிவு செட்டை ஒரு பையன் விளையாட்டாகத் திருகினால், உங்கள் பேக்கிங் செக்ஷன் பேச்சு அவர்கள் காதில் போய் விழும். எக்ஸ்போர்ட் ஆர்டர் செய்யும் கம்பெனி, ஆடிட் வரும் கம்பெனி என்றால் இந்த வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் அடிக்கடி வரும். பொழுதுபோக்காக ரேடியோ பேசுபவர்களுக்குத் தரும் ஹாம் (அமெச்சூர்) லைசென்ஸ் வைத்திருப்பவர் கம்பெனியில் இருந்தால் போதுமா? போதாது. அமெச்சூர் லைசென்ஸ் தொழில் பேச்சுக்குச் செல்லாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஜோடி செட்? அங்கே லைசென்ஸ் இல்லாமல் பேசும் குடும்ப ரேடியோ 462, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குவது. அந்த அலைவரிசைக்கு இங்கே விலக்கு கிடையாது. ஐரோப்பாவில் விற்கும் 446 செட்டின் அலைவரிசை நம்முடையதோடு ஒத்துப்போகும் என்றாலும், இங்கே அனுமதி பெற்ற மாடலா என்று பார்க்காமல் அதையும் எடுக்க வேண்டாம்.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? கடையில் செட்டைக் கையில் வாங்கி, பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரி உட்காரும் குழியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மாடல் எண், சீரியல் எண் அங்கேதான் இருக்கும், அலைவரிசையும் பல செட்களில் அங்கேயே போட்டிருக்கும். அதில் '400-470' என்று அகலமாக இருந்தால், அட்டைப்பெட்டியில் 'லைசென்ஸ் ஃப்ரீ' என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் அது விலக்குக்குள் வரும் கருவி அல்ல. அதே மாடல் எண்ணுக்கான இ.டி.ஏ. சான்றின் நகலைக் கேளுங்கள். 'அதெல்லாம் கம்பெனியில் இருக்கிறது சார்' என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். பில்லிலும் மாடல் எண்ணும் சீரியல் எண்களும் வர வேண்டும்.

இப்போது ரேஞ்சுக்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை மறந்துவிடுங்கள். அது மலை உச்சியில் ஒருவரும் எதிர் மலையில் ஒருவரும் நின்று, நடுவில் எதுவும் இல்லாமல் பேசினால் வரும் தூரம். கான்கிரீட்டும் ஷட்டரும் ஸ்டீல் ரேக்கும் உள்ள இடத்தில் தூரத்தைத் தீர்மானிப்பது தடுப்புகள்தான், வாட் அல்ல. பலர் 5 வாட் செட் அரை வாட்டைப் போலப் பத்து மடங்கு தூரம் போகும் என்று நினைக்கிறார்கள். திறந்த வெளியில்கூட, சக்தியை நான்கு மடங்காக்கினால்தான் தூரம் இரண்டு மடங்காகும். தரையோடு தரையாக, கட்டடங்களுக்கு நடுவில் என்றால் இரண்டு மடங்கு தூரத்துக்குச் சுமார் பதினாறு மடங்கு சக்தி வேண்டும். அதாவது அரை வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் போனால், உங்களைப் போன்ற இடத்தில் தூரம் இரண்டு மடங்குகூட ஆகாது. இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கும் எவருக்கும் இது தெரிந்துவிடும். ஆன்டெனாவை உயரத்தில் வைப்பதும், ஆள் ஜன்னல் பக்கம் இரண்டு அடி நகர்வதும் வாட்டைக் கூட்டுவதைவிட அதிகப் பலன் தரும்.

வி.எச்.எஃப். நல்லதா, யு.எச்.எஃப். நல்லதா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். 150 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர்; 450இல் சுமார் 67 சென்டிமீட்டர். அலை சின்னதாக இருக்கும்போது கதவிடுக்கு, ஜன்னல், படிக்கட்டு வழியாக எளிதாக நுழைந்து எதிரொலித்துப் போகும். அதனால் ஃபாக்டரி, மண்டபம், ஆஸ்பத்திரிக்கெல்லாம் யு.எச்.எஃப்.; தேயிலைத் தோட்டம், காற்றாலைப் பண்ணை, குவாரி மாதிரி திறந்த வெளிக்கு வி.எச்.எஃப். லைசென்ஸ் வேண்டாத 446 யு.எச்.எஃப்.தான் என்பதால், உங்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி தானாகவே தீர்ந்துவிடுகிறது.

ஆக, நேரடியாகச் சொன்னால்: மூன்று மாடிக்குள் அரை வாட் 446 செட் வேலை செய்ய நிறைய வாய்ப்பு இருக்கிறது. படிக்கட்டுப் பக்கம் கேட்கிறதா என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். லிஃப்டுக்குள்ளும் ஜெனரேட்டர் அறையிலும் விட்டுவிட்டுக் கேட்கலாம். குடோன் விஷயத்தில்தான் உறுதி சொல்ல மாட்டேன். அரை கிலோமீட்டர் என்பது எல்லைக்கோட்டில் நிற்கும் தூரம். நடுவில் காலி இடமும் தென்னை மரமும் என்றால் கேட்கும், நாலு கம்பெனிக் கட்டடம் என்றால் மேல்மாடியிலிருந்து மட்டும் கேட்கலாம். கட்டடத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் யார் உறுதி கொடுத்தாலும் நம்பாதீர்கள்.

அதற்குத்தான் நடந்து பார்ப்பது. நல்ல டீலர் இரண்டு நாளைக்கு நான்கு டெமோ செட் கொடுப்பார். மேற்படி ஸ்டிக்கர் சோதனையில் தேறிய செட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலி ஃபாக்டரியில் சோதிக்காதீர்கள். ஷிஃப்ட் ஓடும்போது, ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்போது, குடோனில் துணி ரோல் கூரைவரை அடுக்கியிருக்கும்போது சோதியுங்கள். ஒருவர் கேட்டில் செக்யூரிட்டி நாற்காலியிலேயே உட்காரட்டும். இன்னொருவர் கட்டடத்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் நின்று 'பாய்லர் பின்பக்கம், ஏழு, மூணு, ஒன்பது' என்கிற மாதிரி இடத்தின் பெயரையும் மூன்று எண்களையும் சொல்ல வேண்டும். கேட்டில் இருப்பவர் அந்த எண்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'கேட்குதா, கேட்குது' என்பது சோதனையே அல்ல. குரல் வருவது வேறு, சொன்னது புரிவது வேறு. எண் சரியாகத் திரும்பி வந்தால் வரைபடத்தில் டிக், ஒரு முறை திருப்பிக் கேட்டால் வட்டம், வரவே இல்லை என்றால் பெருக்கல் குறி. செட்டைக் கையில் தூக்கிப் பிடித்து ஒரு சுற்று, இடுப்பில் மாட்டிக்கொண்டு கேட்பதற்கு ஒரு சுற்று. இடுப்பில் இருக்கும்போது உடம்பே சிக்னலில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். ஒரு மணி நேரத்தில் கையில் கிடைக்கும் அந்தக் காகிதம், எந்த விளம்பர நோட்டீஸில் இருப்பதைவிடவும் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

குடோன் பக்கம் முழுக்கப் பெருக்கல் குறி விழுந்தால் என்ன செய்வது? மூன்று வழி. முதலாவது, குடோனுக்கு மட்டும் செல்போனே போதும் என்று விட்டுவிடுவது. ஒரு நாளில் பத்து அழைப்பு என்றால் இதுதான் சரி, வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது, சிம் போட்டு 4ஜி நெட்வொர்க்கில் ஓடும் பட்டன் செட். பார்க்க வாக்கி-டாக்கி மாதிரியே இருக்கும், தூரக் கணக்கே இல்லை, சென்னை ஆபீஸோடும் பேசலாம், அலைவரிசை லைசென்ஸும் தனியாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மாதக் கட்டணம் உண்டு, பட்டனை அழுத்தியபின் குரல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதம் உண்டு, டவர் விழுந்தால் செட்டும் விழும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் செல்போன் தொடர்பு அறுந்தபோது ஹாம் ரேடியோக்காரர்கள் உதவிக்கு வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்கும் தீ விபத்துக்கும் நம்பும் கருவி வெளி நெட்வொர்க்கை மட்டும் சார்ந்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. மூன்றாவது, முறையாக லைசென்ஸ் எடுத்து 5 வாட் செட், தேவைப்பட்டால் மாடியில் ரிப்பீட்டர் (ஒரு செட்டின் சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் கருவி). விண்ணப்பம் 'சரள் சஞ்சார்' இணையதளம் வழியாகப் போகும். நிலையான ஆன்டெனா வைத்தால் அந்த இடத்துக்கும் தனி அனுமதி, அப்புறம் வருடா வருடம் கட்டணம். கையில் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பன்னிரண்டு செட்டுக்கு இது கொஞ்சம் அதிகம். ஐம்பது, அறுபது செட், பல யூனிட் என்று வளரும் கம்பெனிக்கு இதுதான் நிரந்தர வழி.

டிஜிட்டல் பற்றிக் கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. டிஜிட்டல் செட்டில் இரைச்சல் இல்லாமல் குரல் வரும், ஆனால் எல்லை தாண்டியதும் சட்டென்று அறுந்துவிடும். பழைய முறையான அனலாக் செட்டில் கரகரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், 'தூரம் போய்விட்டோம்' என்று காதே எச்சரிக்கும். டி.எம்.ஆர். என்ற முறையில் ஒரே சேனலை நேரத்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்வதால், ரிப்பீட்டர் வழியாக இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் பேசலாம். செட் பாதி நேரம் மட்டுமே ஒலிபரப்புவதால் பேட்டரியும் கூடுதலாக நிற்கும். இதெல்லாம் உறுதியான நன்மைகள். டிஜிட்டல் என்றால் ரேஞ்ச் இரண்டு மடங்கு என்பதை மட்டும் நம்பாதீர்கள். அப்புறம், மெஷின் சத்தத்துக்கு நடுவில் பேசும்போது சில டிஜிட்டல் செட்கள் குரலையும் இரைச்சலையும் பிரிக்கத் தெரியாமல் சொற்களைக் குழப்பிவிடும். இது மாடலுக்கு மாடல் மாறும், நிட்டிங் மெஷின் பக்கத்தில் நின்று பேசிப் பார்த்தால்தான் தெரியும். பன்னிரண்டு செட், ஒரு கட்டடம் என்கிற உங்கள் கணக்குக்கு நல்ல அனலாக் செட்டே போதும் என்பேன்.

'16 சேனல், 38 பிரைவசி கோடு' என்று எழுதியிருப்பதையும் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். அந்தக் கோடு உங்கள் பேச்சை ரகசியமாக்குவதில்லை. மற்றவர்கள் பேச்சு உங்கள் ஸ்பீக்கரில் வராமல் தடுக்கிறது, அவ்வளவுதான். பக்கத்துக் கம்பெனிக்காரர் அதே சேனலில் கோடு இல்லாமல் வைத்திருந்தால் நீங்கள் பேசுவது முழுக்க அவருக்குக் கேட்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெடும். விலை, பையர் பெயர், சம்பள விவரம் எதையும் இதில் பேச வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இந்த 16 சேனலைத்தான் சுற்றுவட்டாரம் முழுக்கப் பங்குபோட்டுக்கொள்கிறது என்பதால், வாங்கும் முன் ஒருநாள் டெமோ செட்டில் அந்தப் பிரைவசி கோடு வசதியை அணைத்துவிட்டு, எந்த சேனல் காலியாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

செட் தேர்வில் மக்கள் கவனிக்காத சின்ன விஷயங்கள்தான் பிற்பாடு உயிரை எடுக்கும். பேட்டரி '12 மணி நேரம்' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் 5-5-90 கணக்கு: நிமிடத்தில் 3 வினாடி பேச்சு, 3 வினாடி கேட்பது, மீதி 54 வினாடி சும்மா இருப்பது. டிஸ்பாட்ச் நாளில் லோடிங் சூப்பர்வைசர் இதைப்போலப் பல மடங்கு பேசுவார். அதனால் எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் அவருக்கும் வாட்ச்மேனுக்கும் உபரி பேட்டரி வாங்குங்கள். பேட்டரி தனியாகக் கிடைக்காத மாடலை வாங்கவே வாங்காதீர்கள், இரண்டு வருடத்தில் மொத்த செட்டும் குப்பைக்குப் போகும். சார்ஜரைப் பாய்லர் பக்கமோ காம்பாக்டிங் மெஷின் பக்கமோ வைக்காதீர்கள், லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. ஆறு செட் ஒன்றாக உட்காரும் சார்ஜர் ஸ்டாண்டைச் செக்யூரிட்டி மேஜையில் வைத்து, செட்டுக்கு எண் ஒட்டி, நோட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் தொலைவது நின்றுவிடும்.

பஞ்சு தூசி பறக்கும் இடம் என்பதால், செட் தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐ.பி. எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 5 என்றால் தூசி கொஞ்சம் புகலாம், 6 என்றால் புகாது. இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு: 4 என்றால் தெறிப்பு தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். பேக்கிங்குக்கு ஐ.பி. 54 போதும், நிட்டிங் ஹாலுக்கும் மழையில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் 67 நல்லது. நிட்டிங் ஹாலில் ஸ்பீக்கரை எவ்வளவு கூட்டினாலும் கேட்காது. இயர்பீஸ் அல்லது தோளில் மாட்டும் ஸ்பீக்கர் மைக் அங்கே கட்டாயம். பெண் சூப்பர்வைசர்களுக்கு பெல்ட் கிளிப் உதவாது. சேலையிலும் சுடிதாரிலும் அது நிற்காமல் விழுந்து, கடைசியில் செட் மேஜை மேலேயே கிடக்கும். குறுக்கே மாட்டும் சின்னப் பையோடு கொடுங்கள்.

ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் தின்னர் டிரம் இருக்கும் அறை, கேஸ் சிலிண்டர் வரிசை இருக்கும் ஷெட் மாதிரி இடங்களுக்கு சாதாரண செட்டைக் கொண்டுபோக வேண்டாம். எரியக்கூடிய ஆவி உள்ள இடத்துக்கென்று பொறி உண்டாக்காத வகையில் சான்று பெற்ற செட்கள் தனியாக உண்டு. விலையும் அதிகம், அவற்றின் பேட்டரியும் சான்று பெற்றதாகவே இருக்க வேண்டும். நம் நாட்டில் இதைப் பார்ப்பது நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. சிவகாசிப் பக்கம் இதைப் படிப்பவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு இந்தப் பத்திதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

செட் வந்தபின் டீலரிடம் மூன்று வேலை செய்து வாங்கிக்கொள்ளுங்கள். குரல் கேட்டால் தானே ஒலிபரப்பும் வசதியை அணைக்கச் சொல்லுங்கள், ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கே அது திறந்துகொள்ளும். ஒரு நிமிடத்துக்கு மேல் பட்டன் அழுந்தியிருந்தால் தானே நிற்கும்படி வைக்கச் சொல்லுங்கள். உட்காரும்போது நாற்காலிக் கையில் பட்டன் மாட்டிக்கொண்டால் சேனல் முழுக்க முடங்கிப்போகும். விசைகளைப் பூட்டச் சொல்லுங்கள். ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் அதிகமில்லை: பட்டனை அழுத்தி அரை வினாடி பொறுத்துப் பேசு, வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடி, முதலில் யாரைக் கூப்பிடுகிறாயோ அவர் பெயர், பிறகு உன் பெயர். அந்த அரை வினாடி பொறுக்காததால்தான் 'நிறுத்தாதே' என்பதன் முதல் எழுத்துகள் விழுங்கப்படுகின்றன. மெயின் சுவிட்ச் பக்கத்தில் நிற்கும் எலக்ட்ரீஷியனுக்கு அது ஆபத்து. முக்கியமான கட்டளையைக் கேட்டவர் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி வையுங்கள்.

பன்னிரண்டையும் ஒரேயடியாக வாங்காமல், சோதனையில் தேறிய மாடலில் ஆறு வாங்கி ஒரு மாதம் ஓட்டுங்கள். யார் உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். குடோனுக்கும் கம்பெனிக்கும் நடுவில் என்னென்ன கட்டடம் இருக்கிறது, குடோன் கூரை தகரமா கான்கிரீட்டா, ஒரு நாளில் அங்கே எத்தனை முறை பேச வேண்டியிருக்கிறது என்று எழுதினால், அந்த மூன்று வழியில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்று இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.